ஜரிகை கறுக்குமாம்

ஆடி, செவ்வாய் இரவு.

ஈரேழு லோகத்தையும் எரித்துவிடும் கோபத்தில் இருக்கிறேன். அக்கா மகள் ரேவதிக்கு மார்பில் புற்றுக்கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, பத்து நாளாகக் கதிர் சிகிச்சை கொடுக்கிறார்கள். இன்று தறியில் புதுப் பாவு இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தவளை அவள் மாமியார் தடுத்தாள்.

"தொடாதம்மா. கரன்ட் வாங்கிக்கினு வந்த உடம்பு. கல்யாணப் புடவை, ஜரிகை கறுத்துடும்."

"கறுத்தா என் மீசையை வழிச்சுக்கிறேன்! கதிர் உடம்புல தங்காதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார்!" ஏகாம்பரநாதர் கோபுரமே ஆடும்படி கத்தினேன்.

ரேவதி தலைநிமிராமல் இழையைப் பிணைத்தபடி கேட்டாள். "போன வாரம் உன் பேத்தியை என் மடியிலேர்ந்து ஏன் மாமா தூக்கிக்கினு போனே?"

மாமியார் மீதிருந்த கோபமெல்லாம் இப்போது என் மீசைமேல்தான். விடிந்ததும் குழந்தையை ரேவதி மடியில் விட்டுவிட்டுத்தான் காபி.