நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று

நாள் 197, சனி. 17:20
செவ்வாய்க் கிரகம், பொறியியல் கல்லூரி மகளிர் விடுதி. பதிவு: ஜெசிந்தா, துணைக் காப்பாளர். மாணவிகள் 41, நான், என் மகள் மினு (இரண்டரை வயது). மொத்தம் 43.

வாராந்திரப் பயிற்சி. சங்கு ஊதியதும் எல்லோரும் நிலவறைக்கு இறங்க வேண்டும். எல்லோர் கையிலும் உள்ள, நாடித்துடிப்பு பார்க்கும் பட்டைகளை வாசல் எண்ணும். 43 ஆனதும் கதவு மூடிக்கொள்ளும். ஆகாவிட்டால் பத்து நிமிடம் காத்திருக்கும். நிஜ ஆபத்தில் மூடிவிட்டால், வெளியே காற்று திரும்பும்வரை யாராலும் திறக்க முடியாது.

இன்று இரண்டாமாண்டு இசக்கியம்மாள் ஒரே கையில் ஐந்து பட்டைகளோடு வந்தாள். மற்ற நால்வரும் மேலே தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார்களாம்.

"யாருக்குடி வளைகாப்பு?" என்றேன். அறையே சிரித்தது. ஐவருக்கும் இரண்டு வாரம் சினிமா கிடையாது.

நாள் 201. 13:05
பட்டை உரசி மினுவின் மணிக்கட்டில் புண். ஆறும்வரை அவள் பட்டையை என் கையில் மாட்டிக்கொண்டேன். இசக்கி பார்த்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கும் வளைகாப்பா?"

திட்ட வாய் வரவில்லை. மினு இப்போதெல்லாம் அவள் ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள்.

நாள் 204, சனி. 16:52
43/43. இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. இதுவரை இல்லாத வேகம். பயிற்சி ஐந்து மணிக்கு என்றிருந்தது. சங்கு கொஞ்சம் முன்பே ஊதிவிட்டது.

மினு மேலே இசக்கியின் அறையில் தூங்குகிறாள். சங்குச் சத்தம் கேட்டால் வீறிட்டு அழுவாள். அந்த அறையின் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, "எழுப்பாதே, நீயும் கூடவே இரு" என்று இசக்கியிடம் மதியமே சொல்லியிருந்தேன். அவள் பட்டையை அறைத்தோழி நஸ்ரீன் மாட்டிக்கொண்டு வந்தாள். இன்று ஒரு நாள்தானே.

16:58
இது பயிற்சி இல்லை. வடக்குக் குவிமாடத்தில் விரிசல். வெளியே அழுத்தம் விழுந்துகொண்டிருக்கிறது. கதவு திறக்கவில்லை. கடப்பாரையால் அடித்தோம். கீறல்கூட விழவில்லை.

17:15
உள்பேசி வேலை செய்கிறது. அறை 14-இல் இருக்கிறார்கள். இசக்கி கதவிடுக்கில் எல்லாம் நாடா ஒட்டிவிட்டாள்.

"பாப்பா முழிச்சிட்டாக்கா. பிஸ்கட் கேக்கா. நீங்க பதறாதீங்க."

அறைக்கு இரண்டு அவசரப் பெட்டிகள் இருக்க வேண்டும். நஸ்ரீனின் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலும் மின்னடுப்பும்தான் இருக்கின்றன. காற்று உருளையை எடுத்துப் பரணில் எங்கோ போட்டாளாம். இசக்கி தேடினாள். இல்லை. நஸ்ரீன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டியது என் வேலை. மூடியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரே உருளை. இருவர் மாற்றி மாற்றி மூச்செடுத்தால் ஐந்து மணி நேரம். மினு மட்டும் என்றால் விடியும்வரை.

முகமூடி பெரியவர்கள் அளவு. மினுவின் முகத்தில் கையால் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கிறது.

18:00
வானொலிக் கம்பம் விழுந்துவிட்டது. மணிக்கொரு முறை வாசலின் கணக்கு மட்டும் தானாக மீட்பு மையத்துக்குப் போகிறது. ஒரு வரி பதில் வருகிறது.

"43/43. அனைவரும் நலம். மீட்பு வரிசையில் இடம்: 3. ஏழு மணி நேரம் ஆகும்."

ஆள் குறைந்த கட்டடத்துக்குத்தான் முதல் வண்டி. எங்களிடம் யாரும் குறையவில்லை.

18:40
நஸ்ரீன் சொன்னாள்: "அக்கா, ரெண்டு பட்டையையும் கழட்டிடலாம். கணக்கு குறைஞ்சா தேடி வருவாங்கல்ல?"

கழற்றினோம். வாசல் திரையில் 41. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்.

19:00
"41 நலம். மூடிய அறையில் துடிப்பு நின்றவை: 2. இறப்பு பதிவாயிற்று. ஆழ்ந்த இரங்கல். வரிசையில் இடம்: 5."

திரும்ப மாட்டினோம். வாசல் ஏற்கவில்லை. இறந்தவர் பட்டையாம்.

எல்லாரும் கழற்றினால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். நாற்பத்து மூன்று பிணங்களுக்கு எந்த வண்டி அவசரமாக வரும்?

கையேட்டில் பக்கம் 62: மூடிய அறையில் கழற்றிய பட்டை இறந்தவர் கணக்கு. நான்தான் வகுப்பெடுத்தேன். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனேன்.

20:30
"அக்கா, ஷாலால முகமூடிய பாப்பா தலையோட சேத்துக் கட்டிட்டேன். என் கை ஓஞ்சாலும் நிக்கும். ரெண்டு பேருக்குப் பத்தாதுக்கா, நானும் கணக்குப் போட்டேன். வண்டி வருதா?"

வேண்டாம் இசக்கி, மாற்றி மாற்றி எடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"வருது" என்றேன்.

"அப்ப சரி. எங்கம்மாகிட்ட அந்த அஞ்சு பட்டை விஷயத்தச் சொல்லிராதீங்க."

21:15
இசக்கி பதில் தரவில்லை. முகமூடிக்குள்ளிருந்து மினு.

"அம்மா, அக்கா தூங்குது."

எழுப்பாதே என்றேன்.

22:00
"41 நலம். வரிசையில் இடம்: 5."

மினு பாட்டுப் பாடச் சொன்னாள். பாடினேன். நாற்பது பேரும் கூடப் பாடினார்கள். இப்போது அவளும் பேசவில்லை. தூங்கியிருப்பாள். அவள் தூங்கும் நேரம்தான் இது.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: திரையைப் பார்க்காதீர்கள். எங்களைத் திறக்க வேண்டாம். முதலில் மேலே போங்கள். அறை 14. முடிச்சு தலைக்குப் பின்னால் இருக்கும், முடி சிக்கியிருக்கும், மெதுவாக