‘எங்களுது இல்லீங்க’ என்று பதிவான புற்றுக்கொல்லை

அனுப்புநர்
த. அன்புக்கரசி, பி.ஏ.,
க/பெ. தமிழ்மாறன்,
இருளர் குடியிருப்பு, கீழ்வேலங்குப்பம்,
கம்மாபுரம் ஒன்றியம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு. தனி மாவட்ட வருவாய் அலுவலர் (நில எடுப்பு) அவர்கள்,
கடலூர்.

பொருள்: சுரங்க விரிவாக்கத்துக்கான நில எடுப்பு – கீழ்வேலங்குப்பம் புற்றுக்கொல்லை, ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் – என் மாமியார் வள்ளியம்மாள் கொடுத்த வாக்குமூலத்தை நிறுத்திவைத்து நேரில் மறுவிசாரணை செய்ய வேண்டுதல் – மனு தாமதமானதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 18.06.2025 நாளிட்ட கள விசாரணைப் படிவம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் என் கணவர், மாமியார், ஒன்றரை வயது மகள் இசைப்பிரியா ஆகியோருடன் வசிக்கிறேன். நாங்கள் இருளர் பழங்குடியினர். என் கணவர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டை ஒட்டியுள்ள புற்றுக்கொல்லையில் நான்கு தலைமுறையாக மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கம்பும் பயிரிட்டு வருகிறோம். ஆட்சேபனை தெரிவிக்க முப்பது நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். இன்று நாற்பத்தேழாவது நாள். தாமதத்துக்கான காரணத்தை ஐந்தாம் பத்தியில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அதுவரை படித்துவிட்டு முடிவெடுக்கும்படி வேண்டுகிறேன்.

2. ஜூன் 18 புதன்கிழமை, குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். கணவர் முதல் ஷிப்டில் இருந்தார். அந்த நேரத்தில் ஒரு தனியார் அளவை நிறுவனத்தின் ஆட்கள் இருவர் வந்து, மரங்களையும் கிணற்றையும் எண்ணிவிட்டு, “இந்த நிலம் யாருதும்மா?” என்று என் மாமியாரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர், “எங்களுது இல்லீங்க. கன்னியம்மாவுது. நாங்க சும்மா பாத்துக்கினு இருக்கோம்” என்று சொல்லியிருக்கிறார். “அப்ப ஒங்களுக்கு இதுல உரிம எதுவும் இல்லியா?” என்று மறுபடியும் கேட்டதற்கு, “அந்த மாதிரி பேச்செல்லாம் நாங்க பேச மாட்டோங்க” என்றிருக்கிறார். ‘நிலத்தில் தங்களுக்கு உரிமை இல்லை என அனுபவதாரர் தாமாகவே தெரிவித்தார்’ என்று படிவத்தில் எழுதி, கீழே அவருடைய கைரேகையை வாங்கியிருக்கிறார்கள்.

3. ஐயா, என் மாமியார் பொய் சொல்லவில்லை. எழுதியவரும் சொல்லாததை எழுதிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. கொல்லையின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு புற்று இருக்கிறது. அதுதான் எங்களுக்குக் கன்னியம்மா. புற்றைச் சுற்றி ஏழடிக்கு ஏர் போகாது. மல்லாட்டை பிடுங்கினால் முதல் கூடை புற்றடிக்குத்தான் போகும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு. விளைந்ததை எங்களுடையது என்போம். மண்ணை அப்படிச் சொன்னால் அம்மா எழுந்து போய்விடுவாள் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. அதனால் எங்கள் குடியிருப்பில் யாரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும். விட்டுக்கொடுக்கிறோம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வேறு யாருக்கும் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் அர்த்தம்.

4. கொல்லையின் தென்பக்கத்தில் என் மாமனார், அவருடைய தகப்பனார் வைத்திலிங்கம் உட்பட எங்கள் குடும்பத்தில் இறந்த பதினொரு பேரைப் புதைத்திருக்கிறோம். நாங்கள் கல் நடுவதில்லை. ஆகவே பார்ப்பவர்களுக்கு அது வெறும் மேடாகத்தான் தெரியும். படிவத்தில் மரத்துக்கும் கிணற்றுக்கும் கட்டம் இருக்கிறது, இதற்கு இல்லை. வைத்திலிங்கம் பெயரில் இந்த நிலத்தை ஒதுக்கி அரசு கொடுத்த ஒப்படை ஆணை ஒன்று எங்களிடம் உண்டு. 2011-இல் அடித்த தானே புயலில் கூரை போனபோது அது நனைந்து, பெயர் இருந்த மேல்பாதி அழிந்துவிட்டது. முத்திரையும் சர்வே எண்ணும் மட்டும் தெரிகின்றன. பெயரில்லாத ஆணையும் ‘உரிமை இல்லை’ என்ற வாக்குமூலமும் ஒரே கோப்பில் இருந்தால் எங்களுக்கு மாற்று மனைகூடக் கிடைக்காது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

5. இனி என் தவறு. ஊசி போட்டதில் குழந்தைக்குக் காய்ச்சல். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அன்று மாலை வீடு திரும்பியதும் மாமியார் படிவத்தின் நகலை நீட்டி, “இன்னா எழுதிக்கிறாங்கன்னு படிச்சி சொல்லு பொண்ணே” என்றார். படித்தேன். எங்கள் குடியிருப்பில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான். அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. ஆனால், “ஒண்ணுமில்ல அத்த, மரம் எத்தினின்னு எழுதிக்கிறாங்க” என்று சொல்லிவிட்டேன். கணவரிடமும் அப்படியே சொன்னேன்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் அவருடைய சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், “என்னா தமிழ்மாறா, ஒன் வூட்ல பி.ஏ. படிச்ச கலெக்டரம்மா இருக்காங்களாமே? மனு கினுன்னு கெளம்பிடப் போறாங்க. கேட் பாஸ் நான் கையெழுத்துப் போட்டாத்தான் நீ உள்ள வரணும், பாத்துக்க” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். என் கணவரும் சிரித்துவிட்டு வந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போனால் குழந்தைக்குப் பால் எங்கிருந்து வரும் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 7, ஜூலை 14 ஆகிய இரண்டு திங்கட்கிழமைகளிலும் குறைதீர் கூட்டத்துக்கு என்று மனு எழுதி எடுத்துக்கொண்டு வடலூரில் பஸ் ஏறினேன். இரண்டு முறையும் பாதி வழியில் குள்ளஞ்சாவடியில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வீட்டில் கேட்டபோது ரேஷன் கார்டு வேலையாகப் போனேன் என்றேன்.

6. ஜூலை 29 அன்று அதே அளவை நிறுவனத்தின் ஆட்கள் வந்து, புற்றுக்கு இருபதடி தள்ளி ஒரு கல் நட்டு, அதில் சிவப்பு மையால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து குழந்தையை இடுப்பைவிட்டு இறக்குவதில்லை. சுரங்கத்தில் மண் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் முன்பெல்லாம் காற்று திரும்பினால்தான் கேட்கும். இப்போது சோறு ஊட்டும்போதே கேட்கிறது. குழந்தை அந்தப் பக்கம் கையை நீட்டிச் சிரிக்கிறது. வாசலில் எந்த வண்டி நின்றாலும் கதவைச் சாத்திவிடுகிறேன். இந்த மனுவை எழுதும்போதும் இரண்டு முறை பேனாவை மூடி வைத்துவிட்டேன். இடம் போய்விடும் என்பது ஒரு பயம். நாளைக்கு என் மகள் வளர்ந்து, “நீ படிச்சவதானேம்மா, அன்னிக்கு நீ என்னா பண்ணிக்கினு இருந்த?” என்று கேட்பாளே என்பது அதைவிடப் பெரிய பயம்.

7. ஆகையால் தங்களை வேண்டிக்கொள்வது:

அந்த வாக்குமூலத்தின் பேரில் மேல்நடவடிக்கை எடுக்காமல், பொறுப்பான வருவாய் அலுவலர் ஒருவரை நேரில் அனுப்ப வேண்டும். என் மாமியாரிடம் ‘நிலம் யாருடையது’ என்று மறுபடியும் கேட்க வேண்டாம். அவர் மறுபடியும் அதையேதான் சொல்வார். இந்த மனுவுக்காக, “எங்களுதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க அத்த” என்று நானே கெஞ்சிப் பார்த்தேன். “நீ வேணா எழுதிக்க. பேனா புடிக்கிற கையி ஒனக்கு. புத்துக்கு முன்னால நின்னு என்னால சொல்ல முடியாது” என்று முடித்துவிட்டார். எத்தனை தலைமுறையாக உழுகிறீர்கள், யார் யாரை எங்கே புதைத்தீர்கள் என்று கேளுங்கள். பதினொரு இடத்தையும் தடுமாறாமல் கால் வைத்துக் காட்டுவார். ஒப்படை ஆணையில் அழிந்துபோன பெயரைத் தங்கள் அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணை வைத்துத் தேடிப் பார்க்க உத்தரவிட வேண்டும். விசாரணை முடியும்வரை அந்தச் சிவப்புக் கல்லைத் தாண்டி இயந்திரம் வராமல் தடுக்க வேண்டும். இந்த மனுவின் நகல் ஒப்பந்ததாரர் கைக்குப் போகாமல் இருக்கவும் தயவு செய்ய வேண்டும்.

தாமதத்துக்கு என் பயம் மட்டுமே காரணம். அதற்காக என் மாமியாரின் இடத்தை எடுத்துவிடாதீர்கள் ஐயா. அவருடைய இடம் என்று எழுதியது நான்தான், அவர் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு, தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

த. அன்புக்கரசி

இடம்: கீழ்வேலங்குப்பம்
நாள்: 04.08.2025

இணைப்பு:
(அ) கள விசாரணைப் படிவத்தின் நகல்.
(ஆ) ஒப்படை ஆணையின் மிஞ்சிய பாதி – நகல்.
(இ) என் சாதிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் – நகல்கள்.

குறிப்பு: இதன் கீழ் உள்ளது என் மாமியார் வள்ளியம்மாளின் இடது பெருவிரல் ரேகை. இந்த முறை ஐந்தாம் பத்தி உட்பட ஒரு வரி விடாமல் அவருக்கும் என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். என் கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். மாமியார், “மை எங்க?” என்று மட்டும் கேட்டார்.