வலைக்கல்

தை 12, திங்கள்

திங்கள், புதன், சனி. இந்தியன் றோலர், வலையை அறுக்கிற இழுவைப்படகு, வாற நாள். கடற்கரையிலை சின்னப்பிள்ளையளுக்கும் தெரியும். அந்த நாளிலை வலை விடாதை எண்டு லேசாச் சொல்லலாம். கிழமையிலை பாதி நாள் என்னத்தைத் தின்னுறது?

அம்மா இண்டைக்கும் தொடங்கிட்டா. "ரெக்னிக்கல் கொலிஜ்ஜைப் பாதியிலை விட்டனி. மாமான்ரை மீன்பிடிப் போட்டையும் பாதியிலைதான் விடுவாய்." விடமாட்டன் எண்டன். உடனை அப்பான்ரை படத்தைப் பாத்தா. அப்பிடிப் பாத்தா எனக்கு விசர் வரும். நான் கைப்பிள்ளையா இருக்கேக்கை, சண்டை நேரம், அப்பா கடலுக்குப் போனவர். வரேல்லை. நேவிதான் எண்டு ஊர் சொல்லும். ஆர் எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தனும் எங்களுக்குப் பதில் சொல்லேல்லை.

சந்தியோகு மாமா புது வலை இறக்கிட்டார். நாள் முழுக்க வலைக்குக் கல்லுக் கட்டினன். விரலெல்லாம் உரிஞ்சு போச்சு.

தை 21, புதன்

நடந்ததை எழுதி வைக்கிறன்.

விடியப்புறம் வலை எடுக்கப் போனம். மாமா, நான், என்ரை சிநேகிதன் றஞ்சித். நெடுந்தீவுக்கு அங்காலை. போய்ப் பாத்தா வலை இல்லை. மிதப்பு மட்டும் கிடக்குது, கிழிஞ்ச துண்டொண்டோடை. மிச்சத்தை இழுத்துக்கொண்டு ஒரு றோலர் போகுது.

மாமா கிட்டக் கொண்டுபோனார். நாங்கள் கத்தினம். அவங்களும் கத்தினாங்கள். ரெண்டு பக்கமும் தமிழிலைதான் தூஷணம். பிறகு அவன் எங்களுக்கு நேரை றோலரைத் திருப்பினான். அதுக்கு முன்னாலை எங்கடை போட் சவுக்காரப் பெட்டி மாதிரி. இடிக்க வாறான். காலடியிலை ஒரு வலைக்கல்லுக் கிடந்தது, கட்டின கயித்தோடை. எடுத்து எறிஞ்சன்.

றோலரிலை ஒருத்தன் விழுந்தான். "அந்தோனியாரே!" எண்டு ஒரு கத்தல். மாமாவும் எஞ்சினை முடுக்கேக்கை அதைத்தான் சொன்னார். அந்தோனியாரே. ரெண்டு பக்கமும் ஒரே ஆளைக் கூப்பிட்டா அவர் ஆற்றை பக்கம் போறது?

கரைக்கு வந்தாப் பிறகு றஞ்சித் சொன்னான்: "கிறிக்கெட்டிலை ஒருநாளும் உப்பிடி நேரை எறிய மாட்டியேடா."

சிரிச்சனான். அதையும் எழுதி வைக்கிறன்.

தை 22, வியாழன்

செத்திட்டான். பேர் சகாயராசு. இலங்கைக் கடற்படை தாக்கித் தமிழக மீனவர் பலி எண்டு போனிலை எல்லா இடமும் ஓடுது.

நேவியாம்.

தை 23, வெள்ளி

மாமா என்னையும் றஞ்சித்தையும் போட்டுக்குள்ளை இருத்தி வைச்சுக் கதைச்சார். விசயம் எங்கள் மூண்டு பேருக்கும் வெளியிலை போகக்கூடாதாம்.

"உண்மையைச் சொன்னா ஆருக்கடா சந்தோசம்? தமிழனைத் தமிழன் கொல்லுறான் எண்டு கொழும்பிலை இருந்து சிரிப்பாங்கள்."

"பாவமில்லையோ மாமா?"

"அடிக்க வந்தவனை அடிச்சனி. சீடர் இராயப்பரும் வாள் வைச்சிருந்தவர்தானே. ஆண்டவர் அதை உறையிலை போடு எண்டுதான் சொன்னவர். கடலுக்கை எறி எண்டு சொல்லேல்லை."

மாமாவோடை வாதாட ஏலாது. நானும் அப்பிடித்தான் யோசிக்கிறன். ஒரு கன்னத்திலை அடிச்சா மற்றக் கன்னத்தைக் காட்டு எண்டு மறைக்கல்வியிலை படிப்பிச்சவை. வலைக்கு எங்கை கன்னம் இருக்குது?

நேவி செய்யாததை நேவியின்ரை தலையிலை போட்டாத்தான் என்ன? அப்பாவுக்கு ஆர் பதில் சொன்னது? மனம் சரி சரி எண்டுது. பிறகு அந்தக் கத்தல் கேக்குது.

தை 24, சனி

கரவெட்டியிலை இருந்து கீர்த்திகன் அண்ணை வந்தவர். கட்சியின்ரை இளைஞர் அணி. நல்ல மனிசன், அப்பான்ரை நினைவுநாளுக்கு ஒவ்வொரு வருசமும் வாறவர். திங்கக்கிழமை சகாயராசுக்காக ஊர்வலமாம். "தொப்புள்கொடி உறவடா. எங்களுக்காகத் தீக்குளிச்ச சனம். நாங்கள் இறங்காட்டி ஆர் இறங்கிறது?"

ஊர்வலத்திலை பிடிக்கிற பனரைப் போனிலை காட்டினார். ஒரு பக்கம் சகாயராசு. மற்றப் பக்கம் எங்கடை அப்பா.

"முன்னுக்கு நீதான் பிடிக்கோணும் தம்பி. மகன் எல்லே."

அம்மா அழுதுகொண்டு அவருக்குத் தேத்தண்ணி போட்டா. நான் ஓம் எண்டன். வேறை என்ன சொல்லுறது?

தை 25, ஞாயிறு

பூசைக்கு முன்னம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனன். எத்தினையோ மாசத்துக்குப் பிறகு.

"பாதர், என்ரை கையாலை ஒருத்தன் செத்திட்டான்."

"ஆர்?"

"சகாயராசு."

தட்டிக்கு அங்காலை கதிரை அசைஞ்சது.

"உங்களை அடிக்க வந்தவங்களோ?"

"ஓம் பாதர். இடிக்க வந்தவங்கள். எங்கடை உயிரைக் காப்பாத்தத்தான் எறிஞ்சனான்."

"அப்ப நேவி இல்லை."

"இல்லை."

மன்னிப்புத் தந்தார். சகாயராசுக்குச் செபமாலை சொல்லச் சொன்னார். பிறகு மெல்லமா: "செய்யாதவன்ரை தலையிலை பழி கிடக்குது. அதை நீதான் எடுக்கோணும். நான் வாய் திறக்கேலாது, தெரியும்தானே?"

கல்லைப் பற்றி வேதத்திலை ஒரு வசனம் இருக்குது. அதைச் சொல்லப்போறார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். சொல்லேல்லை.

வெளியிலை வந்து செருப்பைப் போடேக்கைதான் தலையிலை ஏறினது. நாளைக்கு ஊர்வலத்திலை முதல் பேச்சுப் பாதற்றை.

தை 26, திங்கள்

பாதர் வரேல்லை.

கீர்த்திகன் அண்ணை பாதருக்குப் போன் அடிச்சவர். "நான் பேச வரேல்லை" எண்டாராம். ஏன் பாதர்? "சொல்லேலாது." அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்திலை கேட்டதைக் கழுத்தை வெட்டினாலும் சொல்லேலாது. தெரிஞ்சுகொண்டு வந்து பொய் பேசவும் ஏலாது. ரெண்டுக்கும் நடுவிலை அந்த மனிசனைச் செருகி விட்டது நான்.

சனத்துக்குள்ளை ஆரோ துரோகி எண்டான். பிறகு கனபேர்.

அம்மாவும்தான். "உன்ரை கொப்பரைத் தேடி நான் காம்ப் காம்பா அலைஞ்சது அந்த மனிசனுக்குத் தெரியும். அந்தப் படத்துக்கு முன்னாலை நிண்டு ரெண்டு வார்த்தை கதைக்க என்ன பயம்?"

பனரின்ரை ஒரு தடி என்ரை கையிலை. அப்பான்ரை பக்கத்தைத்தான் பிடிச்சனான். காத்துக்கு மற்றப் பக்கம் வந்து வந்து முகத்திலை அடிச்சது.

தை 29, வியாழன்

பாதர் இருக்கிற பங்குமனைச் சுவரிலை கறுப்புப் பெயின்ற்: நேவியின்ரை பாதர்.

றஞ்சித்தின்ரை நகத்துக்குள்ளை கறுப்பு.

"உனக்குத் தெரியும்தானேடா, நேவி இல்லை எண்டு" எண்டன்.

"எனக்குத் தெரியும். அந்தாளுக்குத் தெரியாதுதானே. தெரியாமலே நேவிக்குச் சப்போட் பண்ணுறார் எண்டா அது இன்னும் மோசம்."

நான் வாய் திறந்திருக்கலாம்.

மாசி 7, சனி

பனரை அம்மா வீட்டுக்குள்ளை சுவரிலை கட்டியிருக்கிறா. பின்னேரம் பின்னேரம் மெழுகுதிரி. அப்பாவுக்கு ஒண்டு, சகாயராசுக்கு ஒண்டு. "அவனுக்கும் ஒரு தாய் இருப்பாதானே" எண்டா.



மாசி 18, விபூதிப் புதன்

கோயிலிலை பாதிச் சனம் இல்லை. பாதரை மாத்தச்சொல்லி மனுக் குடுத்திருக்கினமாம். வந்த ஆக்களிலையும் சிலபேர் விபூதி பூச, உதவிக்கு வந்த மற்றப் பாதற்றை வரிசைக்குப் போச்சினம். நான் எங்கடை பாதரிட்டையே போனன். மற்ற ஆக்களுக்குப் பூசின மாதிரியே எனக்கும் பூசினார். பாத்ததும் அப்பிடியே. ஒரு சின்னக் கோவம் காட்டியிருந்தாலும் பறவாயில்லை.

மாசி 28, சனி

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவாலை இப்பதான் வந்தனான். நான் போகேல்லை எண்டுதான் நிண்டனான். அம்மா நேத்தி வைச்சிட்டா எண்டு இழுத்துக்கொண்டு போனவ. இறங்குதுறையிலை ஒரு நேவிக்காரன் எல்லாருக்கும் தண்ணிப் போத்தில் குடுத்துக்கொண்டு நிண்டான். எனக்கும் தந்தான். வாங்கினன்.

அங்காலை இந்தியாவிலை இருந்தும் நிறையச் சனம். பூசை முடிய மரத்துக்குக் கீழை ஒரு ஆள் பக்கத்திலை வந்து இருந்தார். முறுக்கு நீட்டினார். எந்த ஊர் எண்டு கேட்டார். சொன்னன். தானும் சகாயராசு நிண்ட றோலரிலைதான் நிண்டவராம்.

முறுக்கு வாய்க்குள்ளை கிடந்தது.

"நேவி இல்லன்னு எங்களுக்குத் தெரியும் தம்பி. கல்லுல கயிறு கட்டியிருந்துச்சு. வலைக்கல்லு தெரியாமயா கடலுக்குப் போறோம்?"

"அப்ப ஏன் நேவி எண்டு சொன்னனீங்கள்?"

"யாழ்ப்பாணத்துப் பயலுக அடிச்சான்னு எப்படிச் சொல்றது? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தத் திருவிழாவுக்கு வர்றது?" கண்ணைத் துடைச்சார். "தப்பு எங்க மேலதான். வலைய அறுத்தோம். பயமுறுத்தத்தான் நேரா விட்டோம். ஆனா உடனே வேற பக்கம் திருப்பிட்டோம் தம்பி. போயிக்கிட்டே இருந்தோம். பின்மண்டையில வந்து விழுந்துச்சு."

நான் அவற்றை முகத்தைப் பாக்கேல்லை. நான்தான் எண்டு சொல்லவும் இல்லை. "அவங்கம்மாவுக்கு நேவின்னுதான் சொல்லிருக்கோம்" எண்டிட்டு எழும்பிப் போயிட்டார். முறுக்கிருந்த கடதாசிச் சரையை என்ரை மடியிலை வைச்சிட்டு.

ஓம். திரும்பிட்டான். எனக்கு அப்பவே தெரியும். றோலரின்ரை பின்பக்கத்தைப் பாத்துக்கொண்டுதான் எறிஞ்சனான். இதிலை, எனக்கு மட்டும் எழுதிற இதிலைகூட, நான் அதை எழுதேல்லை. பாதரிட்டைச் சொல்லேல்லை. ஆண்டவரிட்டையே புளுகினனான்.

பங்குனி 2, திங்கள்

பின்னேரம் பங்குமனைக்குப் போனன். பாதர் தனிய நிண்டு சுவரிலை எழுதினதைச் சுரண்டிக்கொண்டிருந்தவர். நேவி போயிட்டுது, பாதர் மிச்சம்.

"ஒரு விசயம் கதைக்கோணும்."

"பாவசங்கீர்த்தனமோ? கோயிலுக்கை வா."

"இல்லை பாதர். இஞ்சை, வெளியிலை வைச்சு. ஆரிட்டையும் சொல்லலாம்."

விறாந்தையிலை ரெண்டு கதிரை இழுத்துப் போட்டார். முதலிலை இருந்து சொன்னன். முந்திக் கேட்ட ஆள் மாதிரி ஒரு சொல்லுக்கும் தலையாட்டேல்லை. "எந்த நாள்?" எண்டார். "போட்டிலை ஆர் ஆர்?" எண்டார். சகாயராசுவின்ரை பேரைக்கூட என்ரை வாயாலை வரும்வரைக்கும் அவர் சொல்லேல்லை. இந்த முகத்தோடைதான் இவ்வளவு நாளும் சனத்தின்ரை பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

பிறகு சொன்னன்: "அவங்கள் திரும்பிட்டாங்கள் பாதர். போகேக்கைதான் எறிஞ்சனான். பின்னாலை."

கண்ணாடியைக் கழட்டினார். இது அவருக்கும் தெரியாது. இதை உண்மையாவே இப்பதான் கேக்கிறார். அந்த முகத்தை நான் பாத்தன்.

"கொம்மாவுக்குத் தெரியுமோ?" எண்டார்.

"இல்லை."

"முதல் அவவிட்டைச் சொல்லு. விடிய பொலிசுக்கு நானும் கூட வாறன்."

வீட்டை வந்திட்டன். அம்மா பனருக்கு முன்னாலை நிக்கிறா. அப்பாவுக்கு மெழுகுதிரி கொளுத்திட்டா. மற்றது காத்துக்குப் பத்துதில்லை. கையாலை மறைச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா.

அது பத்தட்டும். பிறகு சொல்லுறன்.