இன்றைய கைக்கு ஒரு கேமரா

இன்று காலை மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்து முற்றத்தில் காயப்போட்டேன். கடைசியாகக் கேமராப் பை வந்தது. ஜிப்பை இழுத்ததும் தைல வாசனை. விரல்களுக்குத் தேய்த்துக்கொள்வாயே, அந்தப் பச்சைத் தைலம். கழுத்தில் மாட்டும் வாரில் ஊறிப்போய், நீ போய் இத்தனை மழைக்காலம் கழித்தும் அப்படியே இருக்கிறது. வாரை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி மழை வந்து காய்ந்த துணியெல்லாம் நனைந்தது. எழுந்து போக முடியவில்லை.

இந்தக் கேமராவுக்காக நாம் கடையில் நின்று சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? வெளி ஆள் முன்னால் நாம் போட்ட ஒரே சண்டை அதுதான்.

அப்போது நீ மலையில் ரிங்லெட் ஊர்ப் பூந்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். செவ்வந்தித் தண்டு வெட்டும் கத்தரி உன் கையிலிருந்து நழுவி விழ ஆரம்பித்தது. குளிர் என்றாய். அப்புறம் வயசாகிவிட்டது என்று சிரித்தாய். உனக்கு என்ன பெரிய வயசு? ஒருநாள் காலையில் என் முன்னால் வந்து நின்று, “ஏங்க, இந்தப் பொத்தானைக் கொஞ்சம் போட்டு விடுங்க” என்றாய். உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஈப்போ மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். மூளையிலிருந்து கை காலுக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும் நோய். தள்ளிப்போட மருந்து உண்டு, நிறுத்த இல்லை. கைக்குப் பிறகு கால், பிறகு பேச்சு, பிறகு மூச்சு. நான் அவர் மேசையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் கேட்டாய்.

“கை எவ்வளவு நாளைக்கு இருக்கும், டாக்டர்?”

“அதைச் சொல்ல முடியாதும்மா. இப்ப முடியிறதை இப்பவே செஞ்சுக்குங்க.”

வெளியே வந்ததும் பசிக்கிறதா என்று கேட்டேன். என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டது. “கேமராக் கடைக்குப் போலாம்” என்றாய். அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறாய் என்று நினைத்தேன்.

நீ தெளிவாகத்தான் இருந்தாய். உன் தம்பியிடம் இரவல் வாங்கிய சின்னக் கேமராவோடு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இரவெல்லாம் லோரி ஓட்டிப் போய்க் கோலாலம்பூரில் காய்கறியை இறக்கிவிட்டு, விடிகிற நேரத்தில் நான் மலை ஏறி வருவேன். நம் வீட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவு. அதன் நடுவே ரோடு வளைகிற இடத்தில், பனிக்குள்ளிருந்து லோரியின் மூக்கு முதலில் வெளியே வரும். அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று முற்றத்துக் கைப்பிடிச் சுவரோரம் காத்திருப்பாய். அந்தக் கேமராவோ, பொத்தானை அமுக்கினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அதற்குள் லோரி கடந்து போயிருக்கும். எத்தனை நாள் காலையில் எடுத்தாலும் வெறும் ரோடு.

கடைக்காரர் தமிழர்தான். இரண்டு கேமராவை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

“அக்கா, இது காம்பேக்ட். பொக்கெட்ல போட்டுக்கலாம், ஒரு கையாலயே எடுக்கலாம். வீட்டுக்கு இதே போதும்லா. இது டி.எஸ்.எல்.ஆர்., புதுசா கத்துக்கிறவங்க வாங்குறது. கொஞ்சம் கனம். ஆனா அமுக்கினா உடனே எடுத்துரும்.”

நீ பெரியதைத் தூக்கினாய். மணிக்கட்டு தொய்ந்து இறங்கியது. இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கி, ஒரு கண்ணை மூடி, அதன் வழியாக வெளித் தெருவைப் பார்த்தாய். ஒரு மோட்டார் சைக்கிள் போனது. டக்கென்று ஒரு சத்தம். பின்னால் இருந்த சின்னத் திரையில் அந்த மோட்டார் சைக்கிள் முழுசாக இருந்தது. ஓட்டியவனின் தலைக்கவசத்து ஒட்டுப்படம்கூடத் தெரிந்தது. டாக்டர் அறையை விட்டு வந்த பிறகு உன் முகம் அப்போதுதான் முகமாக மாறியது.

நான் சின்னதை எடுத்து உன் முன்னால் தள்ளினேன். “இது போதும். லேசா இருக்கு.”

“எனக்கு வெறும் ரோடு வேணாம்.”

“டாக்டர் சொன்னதைக் கேட்டேல்ல? இந்தக் கனத்தை எப்படித் தூக்குவ? நாளைக்கு என்ன பண்ணுவ?” என் குரல் உயர்ந்துவிட்டது. கடைக்காரர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நீ கத்தவில்லை. “நாளைக்குக் கை போயிரும்னு எனக்கும் தெரியும்ங்க. அதுக்காக, கை போனவளுக்கு எது தோதோ அதையே இன்னிக்கு வாங்கிக் குடுப்பீங்களா? இன்னிக்கு இருக்கிற கைக்கு வாங்குங்க.”

பெரியதைத்தான் வாங்கினோம், தூரத்தை இழுத்துக் காட்டும் நீள லென்ஸோடு. தாப்பா தாண்டி மலை ஏறி வரும் வழி முழுக்க, ஒரு கைக்குழந்தையைப் போல அதை மடியில் வைத்திருந்தாய்.

கைப்பிடிச் சுவரில் கேமராவை ஊன்றிக்கொள்ள, பச்சைப்பயறு அடைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தேன். கோணல் தையல். பயறு ஒவ்வொன்றாகச் சிந்தி, முற்றத்தில் முளைக்கக்கூடச் செய்தது. அதன்மேல் நீளமான லென்ஸை வைத்து நீ எடுத்த முதல் படங்கள் எல்லாம் கலங்கல். பனி, புகை மாதிரி ஒரு லோரி, ஆடிப்போன ஒரு வெளிச்சம். ஆனாலும் ரோடு வெறுமையாக இல்லை என்று சந்தோஷப்பட்டாய்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கேமராவை மேசைமேல் என் பக்கமாக நகர்த்தினாய். லோரி பாதி பனியிலும் பாதி வெளியிலுமாக, கல்லில் செதுக்கியது போல் வந்திருந்தது. நீ படத்தைப் பெரிதாக்கினாய். கண்ணாடிக்குப் பின்னால் என் முகம். ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொரு கையில் துண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இது யாரு?”

“தூசு விழுந்துருச்சு.”

“பனியில ஏது தூசு?”

நான் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தேன்.

“தினமும் அந்த வளைவுலதான் துடைக்கிறீங்க. இதுல கண்ணு வச்சுப் பாக்க ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. ராத்திரியெல்லாம் அழுதுட்டு, வீடு வர்றதுக்குள்ள முகத்தைத் துடைச்சிடுறீங்க.” உன் நாக்கு அப்போதே கொஞ்சம் குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாய். “இனிமே வீட்டுக்கு வந்து அழுங்க. ரோட்டுல அழுதுக்கிட்டு லோரி ஓட்டாதீங்க. எனக்கு முந்தி நீங்க போயிட்டா என்னை யாரு பாக்கிறது?”

அன்றைக்கு நான் உன் மடியில் அழுத அழுகையைப் பக்கத்து வீட்டார் கேட்டிருப்பார்கள். என் தலையைத் தடவ உன் கை வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. நானே அதை எடுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன். எல்லாம் ஓய்ந்ததும் அந்தப் படத்தை அழித்துவிடச் சொன்னேன். “முடியாது. இது ஒண்ணுதான் கலங்காம வந்திருக்கு” என்றாய். அழுத கண்ணோடு இரண்டு பேரும் சிரித்தோம்.

கோலாலம்பூர் ஓட்டத்தை விட்டுவிட்டேன். மலைமேலேயே, திரிங்காப்பிலும் கம்போங் ராஜாவிலும் கிடைத்த பகல் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். உன் கை பயறுப் பையின்மேல்கூடக் கேமராவை நகர்த்த முடியாத நாள் வந்தபோது, உன் தம்பியிடம் போய் அந்தச் சின்னக் கேமராவை மறுபடி வாங்கி வந்தேன். உன் உள்ளங்கையில் வைத்து விரலைப் பொத்தான்மேல் பொருத்தினேன். நீ அமுக்கிப் பார்த்தாய். கழுத்து நரம்பு புடைத்தது. பொத்தான் அசையவில்லை.

“இப்ப ரெண்டும் ஒரே கனம்தாங்க” என்றாய். குறை சொல்லும் குரலில்லை. கடைக்காரரிடம் சொல்ல வேண்டிய ஒரு தகவல் போலச் சொன்னாய். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதற்குப் பிறகு கேமரா நிறுத்தும் முக்காலி ஒன்று வாங்கி, உன் சக்கர நாற்காலிக்கு வலப்பக்கத்தில் பெரியதை நிறுத்தினேன். திரையைப் பார்த்து நீ “ம்” என்பாய், நான் அமுக்குவேன். பேச்சும் போன பிறகு, கண்ணை ஒருமுறை அழுத்தி மூடித் திறப்பாய். நான் உன் கண்ணையே பார்த்துக்கொண்டு, விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருப்பேன். எதற்காகக் காத்திருக்கிறாய் என்று எனக்கு விளங்காது. சரிவில் தேயிலைதான் இருக்கும், தினமும் இருக்கிற அதே தேயிலை. வெகுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு உன் கண் மூடும். நான் அமுக்குவேன். திரையைப் பார்த்தால், மேகம் விலகி ஒரே ஒரு தேயிலை வரிசையில் மட்டும் வெயில் விழுந்திருக்கும். எப்படித் தெரியும் உனக்கு? அதை உன்னிடமே கேட்டேன். கண்ணால் சிரித்தாய்.

நீ போன காலையில் கை கோத்தபடிதான் இருந்தேன். ஆனாலும் எந்த மூச்சு கடைசி மூச்சு என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று வரும், இன்னொன்று வரும் என்று உட்கார்ந்திருந்தேன். உன் தம்பி வந்து தோளைத் தொட்டு, “மாமா, அக்கா போயிட்டாங்க மாமா” என்றபோதுதான் கையை விட்டேன்.

மாலை போட ஒரு படம் கேட்டார்கள். நீ எடுத்தவை அவ்வளவு இருந்தும் நீ இருக்கும் படம் அவற்றில் ஒன்றுமில்லை. கல்யாணப் படத்தில் என்னை வெட்டிவிட்டு உன்னை மட்டும் பெரிதாக்கி வைத்தார்கள். உன் தோள்மேல் ஓர் ஓரமாக என் விரல்கள் இருந்தன. அவற்றை மாலையால் மறைத்தார்கள்.

நீ எனக்கு விட்டுப்போனது ஒரு பழக்கம். அது எங்கே போனாலும் கூடவே வருகிறது. நேற்று ரிங்லெட் ஏரிக்கரையில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கினேன். தண்ணீரின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு, ஒற்றைக் காலில், அசையாமல் நின்றிருந்தது. நானும் நின்றுவிட்டேன். கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் ஆள்காட்டி விரல் தானாக மடங்கித் தயாராக நின்றது. என் தலை இடது பக்கம் திரும்பியது, உன் கண்ணைப் பார்க்க. அங்கே லோரியின் கதவுதான் இருந்தது. தெரிந்தும் காத்திருந்தேன். கொக்கு சிறகை விரித்துத் தாழ்வாகப் பறந்து போனது. நான் அமுக்கவில்லை, நீ இன்னும் சொல்லவில்லையே.