உலக்கை பதிந்த தாள்

3-3-81, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்று இல்லை, நிலநடுக்கம் பதியும் ஊசிக்கு நல்லது. எட்டரைக்கு உருளையில் தாள் மாற்றம். புதுத் தாளுக்கு, ஊசி கீற, மண்ணெண்ணெய் விளக்கில் கரி பிடித்தாயிற்று. கடிகாரம் ரேடியோ நேரத்துக்கு அரை நொடி பின்னால். திருத்தம்.

நேற்று முழுக்க ஊசி கீறியது ஒரே நேர்க்கோடு. எங்கும் நடுக்கமில்லை. வீட்டுக்காரி கிரேஸ் போய் இன்றோடு பதினைந்து நாள். உலை வைக்க மறந்து இரண்டு பழம் தின்றேன்.

வாங்க: மண்ணெண்ணெய், தீப்பெட்டி, கீறல் அழியாமல் தாளில் பூச அரக்கு.

4-3, புதன்

அலுவலகத்திலிருந்து கடிதம். பிப். 16 தாள் மட்டும் வரவில்லையாம். அன்று காலை வந்த நடுக்கம் வேறு இரண்டு நிலையங்களில் பதிவாம். ஒரு நிலையம் தூரத்தைத்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. மூன்று நிலையங்களைச் சுற்றி அந்தத் தூரத்தில் போடும் வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நடுக்கம் கிளம்பிய இடம். மூன்றாவது வட்டம் என்னிடம்.

தாள் தொலையவில்லை. பீரோவில், அவள் சேலைகளுக்கு அடியில். கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

5-3, வியாழன்

தாளை எடுத்துப் பார்த்தேன். 10.20-லிருந்து சீப்புப் பல் மாதிரி குத்துக் குத்தாக. பின்கட்டில் கிரேஸ் புட்டுக்கு மாவு இடித்தது. 10.24.08-ல் பி அலை, முதலில் ஓடிவருவது. ஊசி துள்ளியதும் கத்தினேன்.

"ஏட்டி, இடிக்காத! ஊசி ஆடுது!"

அதற்குள் இன்னும் ஐந்து குத்து. பிறகு சுத்தம். 10.24.49-ல் பின்னால் வரும் எஸ் அலை, பெரியதாக, தெளிவாக. நடுவே 41 நொடி. எட்டால் பெருக்க, தூரம் 328 கி.மீ. அவள் நிறுத்தியிராவிட்டால் எஸ் தொடங்கிய இடமே தெரிந்திருக்காது.

உலக்கையைப் பிடித்தபடி நின்றாள். "நிறுத்திட்டேன். மூச்சாவது விடலாமா, அதுவும் கூடாதா?" சிரிப்பு வேறு. லென்ஸோடு தாளிடம் போய்விட்டேன். அன்று மத்தியானம் நெஞ்சுவலி என்றாள். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்தது.

அழுகை இன்றும் வரவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது.

6-3, வெள்ளி

மேகம். தாள் வாங்க அலுவலக ஜீப். டிரைவர் மைதீன், கடையநல்லூர்க்காரர். விஷயம் தெரியாது. "மதினி எங்க, காணல?" என்றார். சொன்னேன்.

"யா அல்லா. ஒரு தந்தி அடிக்கப்பிடாதா அண்ணாச்சி?"

பிறகு அவரே, தயங்கித் தயங்கி, "அந்தத் தாள் இல்லாம வராதேன்னு சொல்லி அனுப்பியிருக்காவ. நான் என்ன செய்ய?"

நகல் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அசல்தான் வேண்டுமாம். நகலில் கோடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கி.மீ. கணக்கில் பிசகும். எனக்குத் தெரியாததா.

எடுத்து வந்தேன். கூடவே ஒரு படிவம். நின்றபடியே நிரப்பினேன்.

பி: 10.24.08.
எஸ்: 10.24.49. தெளிவு.
இடைஞ்சல்: உலக்கை.
இடைஞ்சல் நீக்கப்பட்டதா: ஆம்.