முறுக்குப் பையோடு படியில் சிக்கியது

ஓகஸ்ட் 12, செவ்வாய் இரவு

இன்று வெள்ளவத்தையே சிரிக்க என் மானம் போனது. நாளை முதன்முதலாக விமானம் ஏறி மகளிடம் போகும் மனைவிக்கு ஒரு மாதமாக விபத்துப் பாடம் எடுத்தவன் நான். விமானம் தீப்பிடித்தால் பையைத் தூக்குபவன் வழியை மறிப்பான், பின்னால் நிற்பவன் சாவான். வெறுங்கையோடு இறங்கு என்று தினமும் சொன்னேன்.

மாலையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் நெருப்பு மணி அடித்தது. மகளுக்குக் கட்டிய முறுக்குப் பையோடு ஓடிப்போய்ப் படியில் சிக்கிக்கொண்டேன். பின்னால் சனம் கத்தியது.

"இஞ்சேருங்கோ, பையை விட்டுட்டு இறங்குங்கோ! பாடம் எடுத்த வாத்தியார் நீங்கள்தானே?" என்றாள் மனைவி.

நெருப்பு இல்லை, யாரோ மணியைத் தட்டிவிட்டார்கள். நாளை அவள் ஏறிய பிறகு நான்... சரி, விடுவோம்.

கீழே வந்துதான் கவனித்தேன், அவளும் வெறுங்கையோடு வரவில்லை. நான் தினமும் விழுங்கும் பிரஷர் குளிசை அட்டையைப் பொத்திப் பிடித்திருந்தாள்.