பரீட்சை அட்டையில் ஒரு மீன்

அக்கா,

"பல்லு மேல பாக்க பிளேடை மாட்டினா பலகை துள்ளாம என்னடி செய்யும்?" என்று அன்று கேட்டாயே! நான் பள்ளியை விட்ட வாரம், நெளிவு வெட்டும் பழைய ரம்ப மெஷினை நீ வாங்கி வந்த நாள் அது. வயிறு வலிக்கச் சிரித்தோம். பழப்பெட்டிப் பலகையே அப்போது நமக்குத் தேக்கு.

நேற்று பலகை தீர்ந்துவிட்டது. பரணில் கிடந்த உன் பரீட்சை அட்டையில் மீன் உருவம் ஒன்றை வெட்டி எடுத்துவிட்டேன். பின்பக்கம் உன் தோழிகள் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்க்கவில்லை. தப்புதான்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில். தச்சுப் பட்டறையில் துண்டுப் பலகை கேட்கப் போகிறேன்.

பி.கு: மீனை அதன் இடத்திலேயே வைத்து ஒட்டிவிட்டேன். ரம்பம் தின்றதில் ஒரு பெயர் மட்டும் பாதி போய்விட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீயோ காலையில் அட்டையைத் திருப்பிப் பார்த்தாய், செருப்பை மாட்டினாய், போய்விட்டாய்.